மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன்: நிர்வாகம் நடக்கும் விதம்

முதலாளி இருப்பது காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அவர் பணம் இருப்பது ஐராவதி டெல்டாவில், பியாப்பொன் பக்கத்து நெல் வயல்களில். நடுவில் வங்காள விரிகுடா. கடிதம் கப்பலேறிப் போய்ப் பதில் வருவதற்குள் அங்கே நடவே முடிந்துவிடும். கேட்கிற விவசாயிக்குக் கடன் கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம், எதை ஈடாக வாங்குவது என்பதையெல்லாம் அந்த இடத்திலேயே ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்தக் காலத்து பர்மாவில் அவருக்கு மேலாள் என்று பெயர்.

1929-30ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு ஆராய்ந்தபோது அங்கே சுமார் 1,650 செட்டியார் லேவாதேவிக் கடைகள், அதாவது வட்டிக்குப் பணம் கொடுத்து வாங்கும் கடைகள், இருந்தன. பெரும்பாலும் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்த மேலாட்கள்தான் கடையை நடத்தினார்கள். ஒரு நிறுவனத்தில் மேலாளர் என்பவர் எதற்கு, அவருக்கு என்னென்ன திறமை வேண்டும் என்பதை விளக்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. முதலாளி பக்கத்தில் இல்லை, வாடிக்கையாளர் வேறு மொழிக்காரர், சரக்கோ பணம். நிர்வாகம் கொஞ்சம் தவறினாலும் கடை மூழ்கிவிடும்.

மேலாளரின் வேலையை முதலில் முறையாகப் பிரித்து எழுதியவர்களில் ஆன்றி ஃபயோல் முக்கியமானவர். பிரெஞ்சு சுரங்கப் பொறியாளர். 1888ல், திவாலாகும் நிலையில் இருந்த ஒரு சுரங்க, இரும்புக் கம்பெனியின் பொறுப்பை ஏற்று அதைத் தூக்கி நிறுத்தினார். அந்த அனுபவத்தை வைத்து 1916ல் ஐந்து செயல்பாடுகளைச் சொன்னார்: திட்டமிடுதல், ஒழுங்கமைத்தல், ஆணையிடுதல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்துதல். பின்னால் வந்தவர்கள் ஆணையிடுதலையும் ஒருங்கிணைத்தலையும் வழிநடத்துதல் என்று மாற்றி நான்காக்கினார்கள். இன்று கல்லூரிகளில் சொல்லித்தருவது இந்த நான்கைத்தான்.

திட்டமிடுதலை எடுத்துக்கொள்வோம். கீழ் பர்மாவில் மழை பிடித்ததும் உழவும் நடவும் தொடங்கும். அப்போது விவசாயிக்கு மாட்டுக்கும் விதைக்கும் கூலிக்கும் பணம் வேண்டும். அறுவடை நேரத்தில் மறுபடி கூலிக்குப் பணம். தை, மாசியில் நெல் விற்ற பிறகுதான் கடன் திரும்பி வரும். அதாவது எல்லா விவசாயியும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், ஒரே நேரத்தில் திருப்புவார்கள். மேலாள் சித்திரையிலேயே கணக்குப் போட்டாக வேண்டும்: கையிருப்பு எவ்வளவு, ரங்கூனில் வேறு கடையில் எவ்வளவு புரட்டலாம், வங்கியில் எவ்வளவு கிடைக்கும், அந்தப் பணத்துக்கு நாம் கொடுக்கும் வட்டி போக என்ன மிஞ்சும். ரங்கூன் மொகல் தெருதான் (இப்போதைய ஷ்வே போன் தா தெரு) இந்த வியாபாரத்தின் மையம். அங்கே கோயிலில் செட்டியார்கள் மாதம்தோறும் கூடி, தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். அந்த ஒரு எண் கையில் இருந்தால் டெல்டாவின் மூலையில் உட்கார்ந்திருக்கிற மேலாள்கூட அடுத்த மாதக் கணக்கைப் போட்டுவிடலாம். நாளைக்கு என்ன நடக்கும் என்று ஜோசியம் சொல்வது திட்டமிடுதல் ஆகாது. எது நிச்சயம், எது நிச்சயமில்லை என்று பிரித்து, நிச்சயமில்லாததற்குக் கொஞ்சம் பணமும் நேரமும் ஒதுக்கி வைப்பதுதான் அதன் சாரம்.

ஒழுங்கமைத்தல் என்றால் யார் எதைச் செய்வது என்ற பிரிவினை. லேவாதேவிக் கடையில் படிநிலை மிகச் சிறியது. மேலே மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பையன் வேலை பெருக்குவது, தகவல் சொல்வது, பணப்பெட்டி அருகே உட்கார்ந்து கணக்கு எழுதிப் பழகுவது. சில வருஷத்தில் அவனே அடுத்தாள் ஆவான், தேறினால் மேலாள். கடை பெரிதானால் ஒரே மேலாளுக்குக் கீழே ஆட்களைக் குவிப்பதைவிட வேறு ஊரில் இன்னொரு கடை திறந்து இன்னொரு மேலாளை வைப்பதுதான் வழக்கம்.

இதில் ஒரு கணிதம் ஒளிந்திருக்கிறது. வி. ஏ. கிரைகூனாஸ் என்ற நிர்வாக ஆலோசகர் 1933ல் அதை எழுதிக் காட்டினார். ஒருவருக்குக் கீழே ஆட்கள் கூடக்கூட அவர் கவனிக்க வேண்டிய உறவுகள் எப்படிப் பெருகுகின்றன என்று எண்ணினார். தனித்தனியாக ஒவ்வொருவரோடும் உள்ள உறவு, கீழே இருப்பவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் உறவு, கூட்டாகச் சேரும்போது வரும் உறவு, எல்லாம் சேர்த்து. நான்கு பேர் என்றால் 44. ஐந்து பேர் என்றால் 100. ஆறு பேர் என்றால் 222! ஆறாவது ஆளைச் சேர்க்கும்போது வேலை செய்யும் கை ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, சிக்கலோ இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. எல்லா உறவும் எல்லா நாளும் உயிரோடு இருப்பதில்லை, அதனால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் 'இன்னும் ரெண்டு ஆள் போட்டால் சரியாகிவிடும்' என்று நினைக்கிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இதைப் பார்க்க வேண்டும்.

வழிநடத்துதலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேலாளுக்குச் சம்பளம் போக லாபத்தில் ஒரு பங்கு உண்டு. அதைவிட வலுவானது பெயர். சமூகம் சிறியது, ஒரு கடையில் கெட்ட பெயர் எடுத்தால் அடுத்த கடையில் வேலை கிடைக்காது. ஆட்களைக் கண் முன்னால் வைத்து விரட்ட முடியாத நிலையில், அவர்களே ஒழுங்காக வேலை செய்ய விரும்பும்படி ஏற்பாடு செய்தார்கள்.

கட்டுப்படுத்துதலில்தான் லேவாதேவிக் கடைகளின் கெட்டிக்காரத்தனம் முழுதாகத் தெரிகிறது. அன்றன்று நடந்தது குறிப்பில் ஏறும், குறிப்பிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும், பேரேட்டிலிருந்து ஐந்தொகை, அதாவது மொத்தக் கணக்கின் சுருக்கம், எடுப்பார்கள். பற்றும் வரவும் பைசா பிசகாமல் நேராக வேண்டும். அந்தக் கணக்கு ஊருக்குப் போனதும் முதலாளி ஒரு வயலைக்கூடப் பார்க்காமல் எந்தக் கடன் தூங்குகிறது என்று கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் அந்த மூன்று வருஷ ஒப்பந்தம். புதிய மேலாள் வந்து பொறுப்பேற்கும்போது பழைய கடன்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார், ஏனென்றால் நாளைக்கு வசூலாகாவிட்டால் பழி அவர் தலையில் விழும். தணிக்கைக்குத் தனி ஆள் வைக்கவே வேண்டியதில்லை. ஆள் மாறுவதே தணிக்கை ஆகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

இத்தனையும் படித்தால் மேலாளர் காலையில் திட்டமிட்டு, மதியம் ஒழுங்கமைத்து, மாலையில் கணக்குப் பார்ப்பார் என்று தோன்றும். நிஜம் வேறு. இன்றைய ரங்கூனில், பயின்னவுங் மொத்தச் சந்தையில் ஒரு உளுந்துக் கிடங்குக்குப் போய்ப் பாருங்கள். நம் ஊர் இட்லிக்காக இந்தியா இறக்குமதி செய்கிற உளுந்தில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து போவதுதான். லாரி வந்து நிற்கும். மேலாளர் மூட்டையில் குத்தூசியை விட்டு ஒரு பிடி எடுத்து, பல்லில் கடித்து ஈரம் பார்ப்பார். அதற்குள் சென்னையிலிருந்து போன்: எஸ்கியூ (உயர்ந்த) ரகமா, எஃப்ஏகியூ (சராசரி) ரகமா? பதில் சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் போகும், தரம் பிரிக்கும் இயந்திரம் நிற்கும், ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பையன் கேட்பான். மூட்டை தூக்குகிறவர்களிடம் பர்மிய மொழி, கணக்குப்பிள்ளையிடம் தமிழ், துறைமுக ஏஜென்ட்டிடம் ஆங்கிலம். கன்டெய்னர் மூன்று மணிக்குள் உள்ளே போகாவிட்டால் அடுத்த கப்பல்தான்.

கனடாவைச் சேர்ந்த நிர்வாகவியல் அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்தார், 1973ல் முடிவுகளை வெளியிட்டார். அவர்கள் செய்த வேலைகளில் பாதி ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை பத்தில் ஒன்றுதான். அதற்கு முன்பே அமெரிக்கத் தொழிற்சாலை ஃபோர்மேன்களைப் பற்றிய ஓர் ஆய்வு, எட்டு மணி நேர ஷிஃப்டில் அவர்கள் சராசரியாக 583 வேலைகளைத் தொட்டுவிட்டு நகர்கிறார்கள் என்று காட்டியிருந்தது. நிமிடத்துக்கு ஒன்றுக்கும் மேல். கிடங்கு மேலாளர் அந்த உளுந்தைக் கடித்துப் பார்க்கும் வினாடியில் கட்டுப்படுத்துதலும் நடக்கிறது, சென்னைக்கு என்ன வாக்குக் கொடுக்கலாம் என்ற திட்டமும் நடக்கிறது. நான்கு செயல்பாடுகளும் ஒன்றுக்குள் ஒன்றாகத்தான் ஓடுகின்றன.

இதற்கெல்லாம் என்ன திறமை வேண்டும்? 1955ல் ராபர்ட் காட்ஸ் என்ற நிர்வாகவியல் அறிஞர் அதை மூன்றாகப் பிரித்தார். முதலாவது தொழில்நுட்பத் திறமை: கணக்கு எழுதுவது, உளுந்தின் ரகம் பார்ப்பது. இரண்டாவது மனிதர்களோடு பழகும் திறமை. மூன்றாவது முழுமையாகப் பார்க்கும் திறமை: தன் கடைக்கு வெளியே என்ன நடக்கிறது, அது நாளைக்குத் தன் கடையை எப்படிப் பாதிக்கும் என்று புரிந்துகொள்வது. மனிதத் திறமை எல்லாப் படியிலும் வேண்டும். ஆனால் படி ஏற ஏற முதலாவதன் பங்கு குறைந்து, மூன்றாவதன் பங்கு கூடும். பெட்டியடிப் பையனுக்குக் கணக்கு பிசகக் கூடாது. மேலாளுக்கு ஆள் தெரிய வேண்டும். முதலாளிக்கு உலகம் தெரிய வேண்டும். வேலையில் கெட்டிக்காரன் என்பதற்காகவே ஒருவரை மேலாளராக்கினால் பல நேரம் சறுக்குவதற்குக் காரணமும் இதுதான். அவர் கையில் இருப்பது முதல் திறமை, புது நாற்காலி கேட்பது மற்ற இரண்டையும்.

மூன்றாவது திறமை இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல நிர்வாகமும் எப்படிச் சரியும் என்பதையும் பர்மாவே காட்டியது. 1,650 கடைகளின் கணக்கும் சுத்தம், ஆனால் கடனில் பெரும்பகுதி ஒரே பயிரை நம்பியிருந்தது. 1930ல் உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் நெல் விலை சரிந்தது. விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கடைக்காரர் கைக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930ல் 6 சதவீதம், 1937ல் 25 சதவீதம். அவர்கள் கேட்டது பணம், கிடைத்தது விற்க முடியாத நிலம். பர்மிய விவசாயிக்கோ தான் உழுத மண் போனது. அந்தக் கோபம் நியாயமானது, அது அரசியலாகவும் ஆனது. எந்த ஒரு பேரேட்டிலும் இந்த ஆபத்தைக் காட்டும் வரி கிடையாது, ஏனென்றால் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கடனும் சரியான கடன்தான்.

இதே கேள்வி இன்றைய உளுந்துக் கிடங்குக்கும் உண்டு. பர்மா உளுந்துக்குப் பெரிய சந்தை இந்தியாதான். 2017 ஆகஸ்ட்டில் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு உச்சவரம்பு போட்டபோது பர்மாவில் விலை விழுந்து, சரக்கு கிடங்கிலேயே தங்கியது. 2021ல் இரு நாடுகளும் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்துக்கும் 1 லட்சம் டன் துவரைக்கும் ஐந்து ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதனால் கிடங்கு மேலாளர் லாரி எண்ணோடு டெல்லி அறிவிப்புகளையும் படிக்க வேண்டியிருக்கிறது: எவ்வளவு உளுந்தை இப்போதே விற்பது, எவ்வளவை வைப்பது, பாசிப்பயறுக்கு இந்தியாவைத் தவிர வேறு யார் வாங்குவார்கள் என்று ஒவ்வொரு அறுவடைக்கும் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட.