சுருங்காதவற்றைச் சுருக்குவது: மாதிரி ஹாட் ராட்களின் அறிவியல்

1932-இல் ஃபோர்டு நிறுவனம் 65 குதிரைத்திறன் கொண்ட, எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினைச் சாதாரணக் குடும்பங்களும் வாங்கக்கூடிய காரில் வைத்து விற்றது. அந்தக் கார்கள் பழசாகிக் கைமாறியபோது தெற்குக் கலிபோர்னியா இளைஞர்கள் அவற்றின் மட்கார்டுகளைக் கழற்றி எறிந்தார்கள், கூரையை அறுத்துத் தாழ்த்தினார்கள், எஞ்சினுக்கு வலுவேற்றினார்கள். முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் அவற்றை முழு வேகத்தில் விரட்டிப் பார்த்தார்கள். இப்படி வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்தான் ஹாட் ராட். அந்தப் பெயரைக் கேட்டதும் இன்றும் பலருக்கு மனதில் வருவது அந்த 1932 ஃபோர்டுதான். 1958-இல் சிறு மாதிரிக் கார்கள் செய்யும் ஏ.எம்.டி. நிறுவனம் ஒரே பெட்டியில் இருக்கும் பாகங்களை வைத்து ஒரு காரை மூன்று விதமாகக் கட்டலாம் என்று பிளாஸ்டிக் கிட்களை விற்க ஆரம்பித்தது. காரை இஷ்டப்படி மாற்றும் வேலை அதிலிருந்து மேசைமேலும் நடக்கத் தொடங்கிவிட்டது.

இந்தக் கிட்களில் பெரும்பாலானவை 25-இல் ஒரு பங்கு அளவு. நீளம் 25 மடங்கு குறைகிறது. பரப்பு 625 மடங்கு, கன அளவு 15,625 மடங்கு. ஒரு டன் எடையுள்ள காரை அதே பொருட்களைக் கொண்டு இந்த அளவுக்குச் செய்தால் 64 கிராம்தான் வரும். ஆனால் ஒளியின் அலைநீளம் சுருங்காது. பெயின்ட்டின் பரப்பு இழுவிசை சுருங்காது. மாதிரி கட்டுபவரின் திறமை என்று நாம் ரசிப்பதில் பாதி, இப்படிச் சுருங்க மறுப்பவற்றைச் சமாளிப்பதுதான் என்பது என் எண்ணம்.

முதலில் கார் நிற்கும் தோரணையைப் பார்ப்போம். பின்னால் பெரிய டயர், முன்னால் சின்ன டயர், மூக்கு தாழ்ந்த நிலை: ஹாட் ராடுக்கு அடையாளமே இதுதான். நிஜக் காரில் எடை அழுத்துவதால் ஸ்பிரிங் சுருங்குகிறது, டயர் தரையைத் தொடும் இடம் தட்டையாகிறது. எடை கன அளவைப் பொறுத்தது. அதைத் தாங்கும் வலு குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அதனால் 25 மடங்கு சிறிய காரில் பாகங்கள் உணரும் அழுத்தமும் 25 மடங்கு குறைவு. எதுவும் அமுங்காது. எடை செய்ய வேண்டியதைக் கைதான் செய்ய வேண்டும். அச்சு பொருந்தும் இடத்தை அரைத்துத் தாழ்த்துகிறார்கள், டயரின் அடியை லேசாகத் தேய்த்துத் தட்டையாக்குகிறார்கள். இங்கே 1 மி.மீ. என்றால் நிஜத்தில் இரண்டரை சென்டிமீட்டர். அரை மி.மீ. பிசகினாலே பழகிய கண்ணுக்கு உறுத்தும்.

அடுத்தது கூரை. காற்று மோதும் முகப்புப் பரப்பைக் குறைக்கத்தான் அன்றைய பந்தயக்காரர்கள் கூரையை வெட்டித் தாழ்த்தினார்கள். நிஜக் காரில் மூன்று அங்குலம் வெட்டினால் மாதிரியில் ஏறக்குறைய 3 மி.மீ. தூண்களில் 3 மி.மீ. துண்டை அறுத்துவிட்டுக் கூரையை இறக்கி ஒட்டினால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் முன்தூண் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அது செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், 3 மி.மீ. இறக்கும்போது தூணின் அறுபட்ட முனை கூரையின் முனைக்கு 1.7 மி.மீ. முன்னால் போய்விடும். பின்பக்கமும் சாய்வு இருந்தால் அங்கேயும் இடைவெளி. கூரையையே குறுக்கே அறுத்து நடுவில் பட்டை வைத்து நீட்ட வேண்டும், இல்லையென்றால் தூண்களை இன்னும் சாய்க்க வேண்டும். 1932 ஃபோர்டின் தூண்கள் கிட்டத்தட்ட நேராக நிற்பவை என்பதால் வேலை எளிது. 1949 மெர்குரியின் கூரை எல்லாப் பக்கமும் வளைந்து குவிவது. அதை அழகாகத் தாழ்த்தியவர்களைத் தயங்காமல் பாராட்டலாம்.

அறுத்ததை ஒட்டுவது எப்படி? கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அதற்கான பசையில் இருப்பது பெரும்பாலும் கரைப்பான்தான். இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீர் போன்ற அந்தப் பசையைத் தூரிகை நுனியால் இணைப்பில் ஓரிடத்தில் தொட்டால் போதும். நுண்துளை ஈர்ப்பால் அது கோடு முழுக்கத் தானே ஓடிவிடும். இரு பக்கத்துப் பரப்பும் இளகி, நீண்ட மூலக்கூறு இழைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். லேசாக அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் இணைப்பு நெடுக மெல்லிய மணிவரிசையாகப் பிதுங்கி வரும். அது வந்தால் உள்ளே இடைவெளி இல்லை என்று நம்பலாம். கரைப்பான் ஆவியானபின் இரண்டும் ஒரே பிளாஸ்டிக். அதை ஒட்டு என்பதைவிடப் பற்றவைப்பு என்பதே சரி. பெயின்ட் அடித்த இடத்திலோ குரோம் பூசிய இடத்திலோ கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தொட முடியாது. அதனால்தான் அங்கே முதலில் சுரண்டிவிடச் சொல்கிறார்கள்.

இதே கரைப்பான் பெயின்ட்டில் வரும்போது எதிரியாகும். காட்டமான கரைப்பான் கொண்ட லாக்கர் பெயின்ட்டை வெறும் பாலிஸ்டைரீன்மேல் அடித்தால், அச்சில் வார்த்தபோது பிளாஸ்டிக்குக்குள் தங்கிய இறுக்கம் நுண்ணிய விரிசல்களாக வெளிப்படும். நடுவில் தடுப்பாக நிற்பது பிரைமர் என்ற முதல் பூச்சு.

பெயின்ட்டில்தான் அளவுப் பிரச்சினை உச்சத்துக்குப் போகிறது. நிஜக் காரின் பூச்சு சுமார் 0.1 மி.மீ. கனம். விகிதப்படி மாதிரியில் அது 0.004 மி.மீ. இருக்க வேண்டும், கையால் அடித்து அந்த அளவுக்கு வராது. பிரைமர், நிறம், கிளியர் என்ற நிறமற்ற மேல்பூச்சு மூன்றும் சேர்ந்து 0.05 மி.மீ. வந்தாலும் பெரிய காரில் ஒன்றேகால் மி.மீ. கனத்துக்குச் சமம். போதாததற்குப் பரப்பு இழுவிசை ஈரமான பெயின்ட்டைக் கூர்விளிம்பிலிருந்து இழுத்துப் பள்ளத்தில் சேர்க்கும். கதவைச் சுற்றியுள்ள கோடு காணாமல் போய்விடும். அதனால் பெயின்ட் அடிக்கும் முன்பே அந்தக் கோடுகளைக் கீறி ஆழமாக்கி வைக்கிறார்கள்.

மினுக்கும் உலோகத் துகள் பெயின்ட் இன்னும் சுவாரசியம். நிஜக் காரில் 0.2 மி.மீ. துகள் போட்டால், மாதிரிக்கு 0.008 மி.மீ., அதாவது 8 மைக்ரான் துகள் வேண்டும். 0.2 மி.மீ. துகளையே மாதிரியில் போட்டால், பெரிய காரில் 5 மி.மீ. தகடுகளை ஒட்டியது போலிருக்கும். பலரும் முத்துப் போல மினுங்கும் மைக்கா பொடிக்குப் போவது இதனால்தான். அதன் நுண்ணிய ரகங்கள் இந்த அளவுக்குப் பக்கத்தில் வருகின்றன.

கேண்டி நிறத்தில் கதை வேறு. வெள்ளி அல்லது தங்க அடிப்பூச்சின்மேல் ஒளி ஊடுருவும் நிறம். ஒளி அதன் வழியே இறங்கி, அடியில் பட்டுத் திரும்பி, மறுபடி அதே நிறத்தின் வழியே வெளியே வருகிறது. அந்த ஆழம் இரட்டைப் பயணத்தால் கிடைப்பது. உறிஞ்சப்படும் ஒளி சாயத்தின் செறிவையும் பூச்சின் கனத்தையும் பொறுத்தது. கனத்தைக் கூட்ட முடியாத மாதிரிக்காரர் செறிவைக் கூட்டுகிறார். அதற்கு விலை உண்டு: பூச்சு ஓரிடத்தில் இம்மியளவு தடித்தாலும் திட்டாகத் தெரிந்துவிடும். காற்றால் பெயின்ட்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் மூடுபனி போல மெல்லிசாகப் பல முறை அடிப்பது அதற்காகத்தான்.

கிட்டில் வரும் குரோம் பாகங்களில் இருப்பது குரோமியம் இல்லை; வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த மிக மெல்லிய அலுமினியம். அலுமினியம் காரத்தில் கரையும். அதனால் பிடிக்காத குரோமைத் துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறப்போட்டே எடுத்துவிடலாம். குரோம் பெயின்ட் அடிப்பவர்கள் அடியில் பளபளப்பான கறுப்பு போடுவதும் காரணத்தோடுதான்: கண்ணாடி போலத் தெரிய, பரப்பின் மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது அரை மைக்ரானைவிட, நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும்; பளபளப்பான அடிப்பூச்சு அந்த வழவழப்பைத் தருகிறது.

பழைய கிட் வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மென்மையான வினைல் டயர்களில் பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் இருக்கும். வருடக்கணக்கில் அது மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். சக்கரமும் ஜன்னல் பிளாஸ்டிக்கும் உருகியது போலக் குழிவிழும். பெட்டியைத் திறந்தவுடன் டயர்களைத் தனி உறையில் போட்டுவிடுங்கள். காரைக் கட்டி முடிக்கும்போது சக்கரத்துக்கும் டயருக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றிவிட்டால் அந்தக் கசிவு சக்கரத்தை எட்டாது.