பறநிலை அடக்கம்: 'ஃப்ளைஅவே காஸ்ட்' என்ற சொல்லும் அதன் கணக்கும்

போர் விமானக் கொள்முதல் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் முதல் சண்டை விலையில்தான் மூளும். ஒருவர் எட்டுக் கோடி டாலர் என்பார். இன்னொருவர் இருபத்து நாலு கோடி என்று அடித்துச் சொல்வார். பேசுவது ஒரே விமானத்தைப் பற்றித்தான். இருவர் கையிலும் இருப்பது அரசு வெளியிட்ட எண்தான். பொய் சொன்னவர் யாரும் இல்லை. விலை என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்தாறு வேறு வேறு தொகைகளைத் திணித்துவிட்டுப் பேசுவதால் வரும் வினை இது. அந்தத் தொகைகளில் மிகச் சிறியதும், அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் 'ஃப்ளைஅவே காஸ்ட்'.

சொல் எளிமையானது. ஃப்ளை என்றால் பற, அவே என்றால் அகன்று. விமானத் துறைக்கு வருவதற்கு முன்பே, கட்டுக்கு அடங்காமல் பறக்கும் தலைமுடிக்கும் தொளதொள உடைக்கும் ஆங்கிலத்தில் 'ஃப்ளைஅவே' என்றுதான் பெயர். விமானத் துறையில் அது பொருள் மாறியதற்குக் காரணம் உண்டு. மற்ற சரக்கு லாரியிலோ கப்பலிலோ ஏறி ஆலையை விட்டு வெளியே போகும். போர் விமானம் பெரும்பாலும் ஆலையை ஒட்டிய ஓடுபாதையிலிருந்து தானே எழும்பிப் போய்விடும். அப்படிப் பறந்து வெளியேறும் நிலைக்கு ஒரு விமானத்தைக் கொண்டுவர ஆகும் செலவே ஃப்ளைஅவே காஸ்ட்.

நினைவில் வைக்க ஒரு சுருக்கு வழி: அன்றைக்கு விமானத்தோடு சேர்ந்து மேலே எழும்பியவை இந்தக் கணக்கில் உண்டு, தரையிலேயே தங்கிவிட்டவை கிடையா. உடற்கூடு, என்ஜின், ரேடார், மின்னணுக் கருவிகள், அரசே தனியாக வாங்கித் தயாரிப்பாளரிடம் பொருத்தக் கொடுத்த உறுப்புகள், உற்பத்தியின் நடுவே வரும் வடிவமைப்புத் திருத்தங்களுக்கான ஒதுக்கீடு எல்லாம் உள்ளே. அச்சு, பிடிமானம் போன்ற உற்பத்திக் கருவிகளுக்கு ஒரே தடவை ஆகும் செலவின் பங்கும் உள்ளே. இந்த ஒன்று மட்டும் நம் சுருக்கு வழிக்குக் கட்டுப்படாது, ஏனென்றால் அச்சு பறப்பதில்லை. அதனால்தான் அமெரிக்கக் கணக்கில் ஒவ்வொரு விமானத்துக்கும் திரும்பத் திரும்ப ஆகும் செலவைத் தனியாகவும், ஒருமுறைச் செலவையும் சேர்த்த முழுத்தொகையைத் தனியாகவும் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் ஃப்ளைஅவே என்றே பெயர் இருப்பது முதல் கண்ணி.

இரண்டாவது கண்ணி 'ஃப்ளைஅவே கிட்'. இது விலையே அல்ல. படையணி வேறு தளத்துக்குப் போகும்போது கூடவே எடுத்துச் செல்லும் உதிரிபாகப் பொதி. கிட்டில் இருப்பது உதிரிபாகம்; காஸ்ட்டில் இல்லாததும் உதிரிபாகம். பெயர் ஒற்றுமையைப் பார்த்து இரண்டையும் முடிச்சுப் போட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

இந்தத் தொகைக்கு மேலே ஏணி போல மற்றவை ஏறும். விமானத்தைப் பேணும் தரைக் கருவிகள், பயிற்சிச் சாதனங்கள், தொழில்நுட்ப ஆவணங்கள் சேர்ந்தால் ஆயுத அமைப்புச் செலவு. அதோடு முதல் தவணை உதிரிபாகங்கள் சேர்ந்தால் கொள்முதல் செலவு. ஆராய்ச்சி, மேம்பாடு, சோதனை, தளக் கட்டுமானம் ஆகியவற்றையும் கூட்டினால் திட்டச் செலவு. பிறகு முப்பது நாற்பது ஆண்டுக்கு எரிபொருள், பழுதுபார்ப்பு, ஆள் சம்பளம், கடைசியில் விமானத்தைக் கழித்து உடைப்பது வரைக்கும் கூட்டினால் ஆயுட்காலச் செலவு. ஃப்ளைஅவே என்பது ஏணியின் அடிப்படி. அதை மேல்படியோடு ஒப்பிடுவதுதான் விவாதங்களில் பாதிக்கு மேல் நடக்கும் பிழை.

அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானத்தை எடுத்துக்கொண்டால் படிகள் பளிச்சென்று தெரியும். 132 வாங்குவதாகத் தொடங்கிய திட்டம் 21-இல் நின்றது. 1997 டாலர் மதிப்பில் ஒரு விமானத்தின் சராசரிக் கொள்முதல் தொகை 73.7 கோடி. உதிரிபாகம், துணைக் கருவி, பின்னர் செய்த மாற்றங்கள், மென்பொருள் ஆதரவு சேர்த்தால் 92.9 கோடி. மேம்பாடு உட்பட மொத்தத் திட்டச் செலவு ஏறத்தாழ 4,475 கோடி. அதை 21-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 213 கோடி. 2008-இல் பசிபிக் தீவான குவாமில் ஒரு பி-2 புறப்படும்போதே விழுந்து எரிந்தது. காற்றழுத்தம் அளக்கும் உணரிகளில் ஈரம் புகுந்ததே காரணம். அப்போது இழப்பு 140 கோடி டாலர் என்று சொன்னார்கள். ஆக ஒரே விமானத்துக்கு நாலு எண். எந்த எண்ணும் தவறல்ல, எந்த எண்ணையும் தனியாகச் சொன்னால் சரியும் அல்ல.

213 கோடிக்குப் பெரும் காரணம் விமானத்தின் பொன்முலாம் அல்ல, வகுக்கும் எண். மேம்பாட்டுச் செலவு ஒன்று கட்டினாலும் நூறு கட்டினாலும் ஏறத்தாழ அதேதான். எண்ணிக்கையை வெட்டினால் அந்தச் சுமை மிஞ்சியவற்றின் தலையில் ஏறும். ஏறிய விலையைக் காட்டி மறுபடி வெட்டுவார்கள், மறுபடி ஏறும். பி-2 விலை அதிகம் என்பதால் குறைவாக வாங்கினார்களா, குறைவாக வாங்கியதால் விலை அதிகமா என்று கேட்டால் இரண்டும்தான்.

ஃப்ளைஅவே தொகையும் ஓர் இடத்தில் நிற்பதில்லை. உற்பத்தி எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்கான உழைப்பு நேரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று 1936-இலேயே டி. பி. ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர் காட்டினார். முதல் விமானத்துக்கு 100 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் இரண்டாவதற்கு 80, நாலாவதற்கு 64, எட்டாவதற்கு 51. அமெரிக்கப் போர் விமானமான எஃப்-35ஏ இதற்கு நல்ல சான்று. அதைத் தொகுதி தொகுதியாகத்தான் கட்டுகிறார்கள். முதல் தொகுதியில் ஒன்றுக்கு 20 கோடி டாலருக்கு மேல் ஆனது. 2019-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் 12-ஆம் தொகுதிக்கு 8.24 கோடி, 14-ஆம் தொகுதிக்கு 7.79 கோடி. எனவே எந்தத் தொகுதி என்று சொல்லாத விலை அரைகுறை விலை.

அந்த 7.79 கோடியில் என்ஜின் உண்டு. எல்லா அறிவிப்பிலும் உண்டு என்று நம்ப வேண்டாம். எஃப்-35-இன் உடலைக் கட்டும் லாக்ஹீட் மார்ட்டினோடு ஓர் ஒப்பந்தம், என்ஜின் செய்யும் பிராட் அண்ட் விட்னியோடு வேறு ஒப்பந்தம். முதல் ஒப்பந்தத் தொகையை மட்டும் எடுத்து விமானங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது என்ஜின் இல்லாத விமானத்தின் விலை. அது அருமையாகத்தான் இருக்கும்; பறக்காது.

எதிர்ப்பக்கப் பிழை இதைவிடப் பரவலானது. 2022 ஜூலையில் ஜெர்மனிக்கு 35 எஃப்-35ஏ விற்க உத்தேசம் என்று அமெரிக்கா அறிவித்தது. மதிப்பீடு 840 கோடி டாலர். வகுத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று 24 கோடி என்று வந்தது. அறிவிப்பை முழுதாகப் படித்தால் அதிலேயே 37 என்ஜின்கள் இருக்கும், இரண்டு கூடுதல். 105 ஆம்ராம் ஏவுகணைகள், 75 தொலைதூர ஜாஸ்ம் ஏவுகணைகள், பயிற்சி, உதிரிபாகம், ஆதரவுச் சேவை எல்லாம் வரிசையாக இருக்கும். இப்படிப்பட்ட அறிவிப்பில் வருவது உச்சவரம்பு மதிப்பீடு; இறுதி ஒப்பந்தம் அதற்குக் கீழே முடிவதே வழக்கம். அரசு வழியாக விற்கும்போது அமெரிக்கா எடுத்துக்கொள்ளும் நிர்வாகக் கட்டணமும் இருக்கிறது, 2018-இலிருந்து 3.2 விழுக்காடு. இத்தனையையும் விமானத்தின் முதுகில் ஏற்றிவிட்டு அமெரிக்க விமானப்படை தரும் விலையோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

ரஃபேல் விவாதத்திலும் இதே கதைதான். 2016 செப்டம்பரில் 36 விமானங்களுக்கு ஏறத்தாழ 787 கோடி யூரோவுக்கு, அதாவது சுமார் 59,000 கோடி ரூபாய்க்கு இந்தியா ஒப்பந்தம் போட்டது. வகுத்தால் ஒன்றுக்கு 1,600 கோடி ரூபாய்க்கு மேல். அதே நவம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன எண் ஏறத்தாழ 670 கோடி. துணைக் கருவிகள், ஆயுதங்கள், இந்தியாவுக்கென்று செய்த மாற்றங்கள், பராமரிப்பு ஆகியவை சேராத தொகை அது. ஒன்று ஏணியின் அடியில், மற்றது சில படி மேலே. ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டு எண்ணை எதிரெதிரே நிறுத்தி அதற்கு விடை காண முடியாது.

இனி தமிழ்ச் சொல். 'பறக்கும் விலை' என்று எழுதினால் விலைவாசி ஏறிவிட்டது என்றே படிப்பார்கள். 'பறந்து செல்லும் செலவு' என்பது பயணச் செலவு போல ஒலிக்கிறது. 'அலகு விலை' என்பதில் தவறில்லை, ஆனால் ஏணியின் எந்தப் படியையும் அப்படிச் சொல்லலாம் என்பதால் நமக்குப் பயனில்லை. 'ஆலைவாயில் விலை' நல்ல சொல், சட்டென்று புரியும். அதில் ஒரே ஓட்டை, அது தயாரிப்பாளர் தன் வாசலில் வாங்கும் தொகையைக் குறிக்கிறது. அரசு தனியாக வாங்கிக் கொடுத்த என்ஜின் அந்தத் தொகையில் வராது. மேலே பார்த்த பிழைக்கே அது வழி விடும்.

எனவே 'பறநிலை'. சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. பறக்கும் நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ஜினை வெளியே வைக்க முடியாது, சொல்லே தடுக்கும்.

'காஸ்ட்' என்பதற்கு விலை பொருந்தாது. விலை என்பது விற்றல் என்ற வினையோடு பிறந்த சொல், விற்பவன் சொல்வது. ஆக்கிய கணக்குக்கு வியாபாரிகளிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: அடக்கம். 'அடக்கமே இவ்வளவு ஆகுது, இதுக்குக் கீழே கட்டாது' என்பதில் வருகிற அதே அடக்கம். அடங்கு என்ற வினையிலிருந்து வந்ததால் உள்ளே சேர்ந்திருப்பது என்ற பொருளும் அதற்கு உண்டு. செலவையும் 'எதெல்லாம் சேர்த்தி' என்ற கேள்வியையும் ஒரே சொல்லில் வைத்திருப்பது ஆங்கிலத்துக்கு வாய்க்காத வசதி. எனவே ஃப்ளைஅவே காஸ்ட் என்பது பறநிலை அடக்கம். மேல்படிகளைக் கொள்முதல் அடக்கம், திட்ட அடக்கம் என்று சொல்லிக்கொண்டு போகலாம். கடைசிப் படிக்கு மட்டும் 'ஆயுள் அடக்கம்' வேண்டாம், சுடுகாட்டு வாடை அடிக்கும். அங்கே ஆயுட்செலவு போதும். கழித்து உடைக்கும் செலவும் அதில் சேர்வதால் பொருத்தம் என்று வாதிடலாம்தான்.

எந்தப் படியை எப்போது எடுப்பது என்பது கேள்வியைப் பொறுத்தது. ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்தியில் இன்னும் பத்து விமானம் வாங்கலாமா என்றால் பறநிலை அடக்கமும் அவற்றுக்கான கருவி, உதிரிபாகமும்தான் கணக்கு. மேம்பாட்டுக்குப் போன பணம் திரும்பி வரப்போவதில்லை. புதிதாக ஒரு விமானத்தை உருவாக்கத் தொடங்கலாமா என்றால் திட்ட அடக்கம். அமெரிக்கச் சட்டம் கண்காணிப்பதும் கொள்முதல், திட்டம் ஆகிய இந்த மேல்படிகளையே: நன்-மக்கர்டி விதியின்படி ஒரு விமானத்துக்கான சராசரிச் செலவு, நடப்பு அடிப்படை மதிப்பீட்டைவிட 15 விழுக்காடு ஏறினால் நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டும், 25 ஏறினால் திட்டத்தின் கழுத்துக்கே கத்தி. வாங்கியதை வைத்துச் சமாளிக்க முடியுமா என்ற கேள்விக்கு ஆயுட்செலவு. எஃப்-35-இன் பறநிலை அடக்கம் 14-ஆம் தொகுதி வரை இறங்கியது. ஆனால் அமெரிக்கப் படைகள் அதைப் பேண ஆகும் மதிப்பீடு 2018-இல் 1.1 லட்சம் கோடி டாலராக இருந்து 2023-இல் 1.58 லட்சம் கோடிக்கு ஏறியது.

விலையை நிலையாகப் பூட்டிவிட்டோம் என்று நினைப்பதும் ஆபத்து. 36 எஃப்-35ஏ வாங்க ஒப்பந்தம் போட்ட ஸ்விட்சர்லாந்து தனக்கு நிலைவிலை தரப்பட்டிருக்கிறது என்று சொல்லிவந்தது. அது தவறான புரிதல், கூடுதல் செலவைத் தர வேண்டும் என்று அமெரிக்கா சொன்னது 2025-இல் வெளியே வந்தது.

எழுதும்போது இப்படி எழுதலாம்: 'எஃப்-35ஏ, 14-ஆம் தொகுதி, பறநிலை அடக்கம் 7.79 கோடி டாலர், என்ஜின் உட்பட, 2019 ஒப்பந்தம்.' தலைப்பில் இடமில்லை என்றால் ஆண்டை விடலாம், தொகுதியையும் விடலாம். 'என்ஜின் உட்பட' மட்டும் இருக்கட்டும்.