26 சதவீதம் 48 ஆவது எப்படி?

திங்கட்கிழமைகளில் என் தரம் 11 வகுப்புக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் பிந்தியே வருவார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு அது, பெண்கள் குழுவாக எடுக்கும் நுண்கடன் லோனைக் கட்டும் நாள். தாய்மார் ‘சென்டர்’ கூட்டத்துக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்ப்பது இவர்கள்தான். குழுவில் ஒருத்தியிடம் காசு இல்லாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து போட்டுக் கட்டும்வரை கூட்டம் கலையாது.

குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணிப்பது சாதாரண தரப் பரீட்சைக்குரிய பாடம். பிள்ளைகள் மாத அலகு முறையை மனப்பாடம் செய்து புள்ளி எடுத்துவிடுவார்கள். வீட்டு அலுமாரியில் கிடக்கும் கடன் அட்டையையும் அதே முறையால் வாசிக்கலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. நானும் பல வருடம் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பாடத்தை இப்படித் தொடங்குகிறேன். கடன் 60,000 ரூபாய். ஆண்டு வட்டி 26 சதவீதம். 12 மாதத்தில் கட்டி முடிக்க வேண்டும். கடன் கொடுப்பவர் போடும் கணக்கு எளியது: வட்டி 15,600, மொத்தம் 75,600, மாதம் 6,300.

கூட்டலில் பிழை இல்லை. ஆனால் முதல் மாதமே கடன் தொகையில் 5,000 திரும்பிப் போய்விடுகிறது. இரண்டாம் மாதம் கடன் எடுத்தவள் தலையில் இருப்பது 55,000 கடன். கடைசி மாதம் வெறும் 5,000. வட்டியோ 12 மாதமும் முழு 60,000 ரூபாய்க்கே அறவிடப்படுகிறது. 5,000 ரூபாய் ஒரு மாதம் கடனாக நிற்பது ஒரு மாத அலகு. அந்த அலகுகளைக் கூட்டச் சொன்னேன்: 12, 11, 10 என்று இறங்கி 1 வரை வந்தால் 78. 15,600ஐ 78ஆல் வகுத்தால் 200. அதாவது 5,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 200 ரூபாய். மாதம் 4 சதவீதம், ஆண்டுக்கு 48.

வகுப்பு அடங்கிவிட்டது. பின்வாங்கில் ஒருவன் 78ஐ மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டு எழுந்தான். “ரீச்சர், அப்படியென்றால் 26 என்று சொன்னது பொய்யா?”

“26 சரி. எந்தத் தொகைக்கு என்றுதான் சொல்லவில்லை” என்றேன். உடனே இன்னொருத்தி கேட்டாள்: “ஆவணச் செலவு, காப்புறுதி என்று 3,000 கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கையில் தந்தால்?” அப்போது 48ஐயும் தாண்டும். அந்தக் கேள்வி எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இருந்து வந்ததல்ல.

அடுத்த பாடவேளையில் வரைபு வரைந்தோம். கிடை அச்சில் 52 கிழமைகள். வேளாண்மைக் குடும்பத்தின் வரவு பெரும்போக வெட்டு நடக்கும் மாசி, பங்குனியில் ஒருமுறை எழும்பும். சிறுபோகத்துக்கு ஆவணிவாக்கில் மறுபடி எழும்பும். தவணைக் கோடு மட்டும் ஆண்டு முழுக்க நேராகப் போகும். வரவுக்கு மேலே தவணை நிற்கும் கிழமைகளுக்குச் சிவப்பு தீட்டினார்கள். அந்தச் சிவப்பை நிரப்பத்தான் இரண்டாவது கடன் எடுக்கிறார்கள் என்று சொன்னது நான் அல்ல, ஒரு பிள்ளை.

அரசியலை ஏன் கணித வகுப்புக்குள் கொண்டுவருகிறீர்கள் என்று சக ஆசிரியர்கள் கேட்டதுண்டு. சிக்காகோவில் எரிக் கட்ஸ்டீன் என்ற கல்வியாளர், பொலிஸ் எந்த இனத்துச் சாரதிகளை அதிகம் மறிக்கிறது என்பதை நிகழ்தகவு கொண்டு ஆராயும்படி மாணவர்களிடம் கொடுத்தார். எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2018இல் அரசாங்கம் நுண்கடன்களுக்கு ஆண்டு வட்டி 35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு அறிவித்தது. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமற்போன, ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணமும் அறிவித்தது. 26ஐக் கேட்டதும் 35க்குக் குறைவுதானே என்று ஆறுதல்படும் தாய்க்கு அந்த வரம்பு என்ன காவல் கொடுக்கும்?

இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதன்முறை நான் “யார் வீட்டில் லோன் இருக்கிறது?” என்று கேட்டுவிட்டேன். ஒரு பிள்ளை தலையைக் குனிந்தவள் பாடம் முடியும்வரை நிமிரவில்லை. இரண்டு நாள் பாடசாலைக்கும் வரவில்லை. அது என் பிழை. கடன் எங்கள் ஊரில் மானத்தோடு சம்பந்தப்பட்டது. அதன் பிறகு கற்பனைத் தொகைகள்தான். வீட்டு அட்டையைக் கொண்டுவரச் சொல்வதே இல்லை.

போன பாடசாலைத் தவணையில் ஒரு தாய், மகளின் கொப்பியோடு பாடசாலைக்கு வந்தார். புதிய கடனுக்குப் படிவம் தந்திருக்கிறார்கள், இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்றார். கையில் கிடைக்கும் காசு எவ்வளவு, தவணை எவ்வளவு, எத்தனை தவணை, இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். மறுநாள் எழுதி வந்தார், குழுவில் இருந்த இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. விறாந்தை வாங்கில் மூவரும் இருக்க, மகள் கொப்பியைத் திறந்து 12இலிருந்து கூட்டத் தொடங்கினாள்.