'கெதார்': பக்கத்துச் சொல்லையும் பார்த்துவிட்டுப் பொருள் சொல்லுங்கள்

ஸ்பானியம் கற்பவர்களின் நோட்டில் 'கெதார் = தங்கு, மிஞ்சு' என்று ஒரே வரி இருக்கும். மொழிபெயர்ப்பில் கோட்டை விடுவது அங்கேதான். (உச்சரிப்பில் நமக்குச் சிரமமில்லை. 'அது' என்பதில் வரும் மெல்லிய 'து' ஒலிதான், 'கெடார்' அல்ல.)

"மஞ்ஞானா கெதோ கோன் ஆனா" என்றால் நாளைக்கு ஆனாவைச் சந்திக்கிறேன். "மே கெதோ கோன் ஆனா" என்றால் ஆனாவோடு இருந்துவிடுகிறேன். 'மே' என்ற ஓரசை சந்திப்பைத் தங்கலாக்கிவிட்டது. ஆளுக்குப் பதில் பொருள் வந்தால் அர்த்தம் மறுபடி மாறும்: டாக்சிக்காரரிடம் "கேதேசே கோன் எல் காம்பியோ" என்பது, மீதிச் சில்லறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

"மே கெதான் தோஸ் எயூரோஸ்": எனக்கு 2 யூரோ மிச்சம் இருக்கிறது. இங்கே எழுவாய் யூரோ, நான் அல்ல. ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்கள் 'நான்' என்று தொடங்கித் தடுமாறுவார்கள். 'எனக்கு' என்று தமிழில் யோசித்தால் வாக்கியம் தானே அமையும். ஆனால் நம் பழக்கமே காலை வாரும் இடமும் இதுதான். 'இரண்டு யூரோ இருக்கிறது' என்று அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினை போடுவோமே, ஸ்பானியத்தில் அது செல்லாது. 'கெதா' அல்ல, 'கெதான்'. ஷூ பெரிதாக இருந்தாலும் "மே கெதான் கிராந்தேஸ்"தான்.

"கெதாமோஸ் ஆ லாஸ் ஓச்சோ" இரண்டு விதமாகப் பொருள்படும்: 8 மணிக்குச் சந்திக்கிறோம், அல்லது, 8 மணிக்கு என்று பேசிவைத்தோம். 'ஆர்' என முடியும் வினைகளில் 'நாங்கள்' வடிவம் நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் பெரும்பாலும் ஒன்றே. 'ஆயேர்' (நேற்று) போன்ற சொல் பக்கத்தில் இல்லாவிட்டால் "என் கே கெதாமோஸ்?" என்று கேட்டுவிடுங்கள், 'கடைசியில் என்னதான் முடிவு?' என்று அர்த்தம். மெக்சிகோவில் மெக்கானிக் "யா கெதோ" என்றால் வேலை முடிந்தது, வண்டியை எடுத்துப் போகலாம்.

இடம் கேட்கவும் இதே வினை: "தோந்தே கெதா லா எஸ்தாசியோன்?" கட்டடம், ஊர் போல நகராதவற்றுக்கு மட்டும்.

அறிவிப்புகளில் 'கெதா' வந்தால் 'இதனால் அவ்வாறு ஆகிறது' என்று பொருள். "கெதா புரோஇபீதோ ஃபுமார்" என்பது புகைபிடிக்கத் தடை. ஸ்பெயினில் காவலர் "கெதா உஸ்தேத் தெதெனீதோ" என்றால் உங்களைக் கைது செய்கிறோம் என்கிறார். அதை 'இங்கேயே இருங்கள்' என்று பெயர்த்துவிட்டால், கைதானதே தெரியாமல் அந்த ஆள் நாற்காலியில் காத்திருப்பார்.