ஹார்ட் லெட்: தமிழில் வன்காரீயம்

என் தாய்மாமா வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவர். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் அடுப்பு மூட்டி, ஈயத்தை உருக்கி, சின்னச் சின்னத் தகடாக ஊற்றி எடுப்பார். அதை வலையின் அடிக்கயிற்றில் சுற்றிச் சுத்தியலால் தட்டினால் கயிற்றோடு கவ்விக்கொள்ளும். ஒருமுறை பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஈயம் அப்படிக் கவ்வவில்லை. தட்டத் தட்ட விரிசல் விட்டது, பாதித் தகடு உடைந்தே போயிற்று. கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, "ஈயம்னுதானே கேட்டீங்க? இது பேட்டரி ஈயம், ஹார்ட் லெட்" என்றார். கெட்டியான ஈயம் என்று பொருள்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஒற்றைச் சொல்லுக்குள் நாம் பல பொருளை அடைத்து வைத்திருக்கிறோம்.

ஈயம் என்ற சொல்லை வடமொழிச் 'சீச'த்தோடு தொடர்புபடுத்துவார்கள். சிங்களத்துக்கும் ஈழத்துக்கும் உள்ள உறவைப் போல, முன்னால் நின்ற சகரம் உதிர்ந்தது என்பது அவர்கள் விளக்கம். மலையாளத்திலும் ஈயம்தான். பிறப்பு எதுவானாலும், தமிழில் இது இரண்டு உலோகங்களுக்குப் பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. கறுத்துக் கனப்பது காரீயம், வெளுத்து மின்னுவது வெள்ளீயம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமும் வெள்ளீயம். வலைக்குண்டு காரீயம். சொம்பில் காரீயம் கலந்தால் அது நஞ்சு. அதனால் இந்த இரண்டு பெயரையும் பிரித்துச் சொல்வதை நான் வெறும் அகராதி வேலையாக நினைக்கவில்லை.

பழைய பெயர்களைத் தேடிப் போனால் குழப்பம் கூடத்தான் செய்கிறது. வங்கம் வடமொழியில் வெள்ளீயம், தமிழில் அது ஈயத்துக்கே ஒரு பெயர். நாகம் ஆயுர்வேதத்தில் காரீயம், நம் சித்த மருத்துவத்தில் துத்தநாகம். பிரெஞ்சு பேசியவர்கள் ஆண்ட புதுச்சேரியில் இந்தச் சங்கடம் அவர்கள் மொழிக்கு இல்லை. காரீயம் 'பிளோம்', வெள்ளீயம் 'எத்தேன்', இரண்டும் ஒட்டாத தனித்தனிச் சொற்கள். பிளோமுக்கு மூலம் லத்தீன் 'பிளம்பம்'. குழாய் வேலை செய்பவரை நாம் பிளம்பர் என்பதும் இதிலிருந்துதான். ரோமானியர் தண்ணீர்க் குழாயைக் காரீயத்தில் செய்தார்கள்.

சரி, 'ஹார்ட்' எங்கிருந்து வந்தது? சுத்தமான காரீயத்தை நகத்தால் கீறலாம். அதை இறுகச் செய்வது ஆன்டிமனி. கண்மைக்கு அரைத்த அஞ்சனக்கல்லில் இருக்கிற தனிமம் அதுதான். காரீயத்தோடு நூற்றுக்குச் சில பங்கு ஆன்டிமனி சேர்ந்தால் நகம் ஏறாது, கீழே போட்டால் 'தொப்'பென்று விழாமல் கொஞ்சம் ஒலிக்கும். ஆனால் வளைத்தால் முறியும். வெள்ளீயமும் ஓரளவு இறுக்கும், ஆனால் அதன் பெரிய உதவி வேறு. உருகிய கலவையை அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓட வைக்கும்.

இறுக்கத்தை அளக்க ஸ்வீடன்காரர் யோகான் ஆகஸ்ட் பிரினெல் 1900இல் ஒரு முறை கண்டார். கெட்டியான உருண்டையை உலோகத்தின்மேல் அழுத்தி, விழும் குழியின் அகலத்தைப் பார்ப்பது. அந்த அளவில் சுத்தக் காரீயம் ஏறத்தாழ 5. இருபது பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் 10. தொண்ணூறு பங்கு காரீயம், ஐந்து வெள்ளீயம், ஐந்து ஆன்டிமனி என்றால் 15. அச்சகங்களில் எழுத்து வார்த்த லைனோடைப் எந்திரத்தில் ஓடிய அச்சு ஈயம் 22 வரை போகும். அதில் நூற்றுக்கு நாலு வெள்ளீயம், பன்னிரண்டு போல ஆன்டிமனி. அதையும் சுத்தக் காரீயத்தையும் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ கலந்தால் வெள்ளீயம் 2, ஆன்டிமனி 6 என்று பாதியாகும்.

இந்தக் கணக்கை ஆசையோடு போடுபவர்கள், அமெரிக்கா போன்ற நாடுகளில் துப்பாக்கிக் குண்டைத் தாங்களே வார்க்கிறவர்கள். இங்கே உரிமம் இல்லாமல் அதைச் செய்ய 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விடாது. ஆனால் அவர்கள் கணக்கிலுள்ள நுட்பம் தெரிந்துகொள்ள வேண்டியது. குண்டு அளவுக்கு மீறி மெத்தென்று இருந்தால், வேகத்தில் குழலின் உட்சுவரில் ஈயத்தை அப்பிவிடும். அளவுக்கு மீறி இறுகினால், பின்னாலிருந்து அழுத்தும்போது விரிந்து குழலை அடைக்காது. இடுக்கு வழியே சூடான புகை பாய்ந்து ஓரத்தை அரிக்கும், மறுபடியும் ஈயம் ஒட்டும். ஆகவே வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ற இறுக்கத்தைத் தேடுகிறார்கள்.

கடலூர்க்காரனுக்குக் குண்டு என்றதும் பக்கத்திலுள்ள குண்டு உப்பலவாடி என்ற ஊர் நினைவுக்கு வராமல் போகாது. 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் பேரத்தில் சேர்ந்தன. அந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. ஈழத்தில் துப்பாக்கிக் குண்டுக்குச் சன்னம் என்று ஒரு சொல் இருக்கிறது. இங்கேயும் பழகினால் வலைக்குண்டும் துப்பாக்கிக்குண்டும் கலக்காது.

அப்புறம், ஹார்ட் லெட்டுக்கு என்ன பெயர் வைப்பது? நான் முதலில் நினைத்தது வன்னீயம். வெள் + ஈயம் வெள்ளீயம் ஆவதுபோல, தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்து வன் + ஈயம் வன்னீயம் ஆகும். இலக்கணம் சரி. ஆனால் எங்கள் மாவட்டத்தில் உரக்கச் சொன்னால் காதில் ஒரு சாதிப்பெயராக விழும். தவிரவும், எந்த ஈயம் என்ற பழைய குழப்பம் அதில் அப்படியே நிற்கிறது. வன்காரீயம் என்றால் இரண்டும் தீர்கிறது. வன்பொருள், மென்பொருள் என்று ஏற்கெனவே பழகியிருக்கிறோம். அந்த வழியில் வன்காரீயம், மென்காரீயம். கடையில் பேச்சுவாக்கில் கேட்க 'கெட்டி ஈயம், மெது ஈயம்' போதும். மாமா இப்போது அப்படித்தான் கேட்கிறார், வாங்குமுன் நகத்தால் ஒரு கீறலும் போடுகிறார்.

ஒன்று மட்டும். பேட்டரி ஈயம் எல்லாமே வன்காரீயம் இல்லை. புதிய பேட்டரித் தகடுகள் பலவற்றில் ஆன்டிமனிக்குப் பதிலாகக் கால்சியம் சேர்க்கிறார்கள். இரண்டும் ஒரே சட்டியில் உருகி, அந்தக் கசடில் பின்னால் ஈரம் பட்டால் கொடிய வாயு கிளம்பக்கூடும். காரீயத் தூசியே பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பின்கட்டு அடுப்பை மாமா எடுத்துவிட்டார். இப்போது வார்த்த குண்டாகவே வாங்கிக் கோக்கிறார்.