மூக்க மட்டும் பாத்து சொந்தம் சொல்லாதீங்க

பழவேற்காடு ஏரி பாதிக்கு மேல ஆந்திராலதான் கெடக்கு, சூலூர்பேட்டைல இருந்து ஸ்ரீஹரிகோட்டா போற ரோடு அந்த ஏரிய குறுக்கால வெட்டிட்டு போகும், பனிக்காலத்துல அங்க வண்டிய ஓரங்கட்டினா ரெண்டு பக்கமும் பறவைங்கதான். நீளக்கால் இருந்தா நம்மாளுங்க ஒண்ணு கொக்கும்பாங்க இல்லனா நாரைம்பாங்க. அந்த ஒரே கூட்டத்துல நாலஞ்சு தனித்தனி குடும்பம் நிக்கும்.

கொக்கையும் நாரையையும் பிரிக்க பைனாகுலரே வேணாம், பறக்கும்போது கழுத்த பாத்தா போதும். கொக்கு மடிச்சு வெச்சுக்கும், நாரை நேரா நீட்டிட்டு போகும். கொக்கு கழுத்துல ஆறாவது எலும்பு மத்ததவிட நீளம், அதனாலதான் அந்த வளைவு, அத வெச்சுதான் சடார்னு நீட்டி மீன குத்துது. நாரைக்கு குரலே கெடையாதுன்னு சொல்லலாம், வளந்த பறவை அலக டகடகன்னு தட்டித்தான் பேசிக்கும்.

நாரைங்களுக்குள்ளயே நத்தைகுத்தி நாரைய பாருங்க, வாய மூடினாலும் நடுவுல ஒரு சந்து தெரியும். குஞ்சா இருக்கும்போது அந்த சந்து கெடையாது, வளர வளரத்தான் வருது, நத்தைய புடிச்சு மெல்லிசான அலகு நுனிய உள்ள விட்டு சதைய ஓட்டுல இருந்து அறுத்து எடுத்துரும்.

கரண்டிவாயன் பக்கத்துலயே நிக்கும் ஆனா அது அரிவாள் மூக்கன் குடும்பம், மூக்கு ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும்.

எல்லாரும் போட்டோ எடுக்கறது பூநாரையத்தான், ஆனா கலர பாக்குற அளவுக்கு வாய யாரும் பாக்கறதில்ல, எனக்கு அதுதான் வருத்தம். அது தலைய கவுத்து மேல் அலகு கீழ இருக்கற மாதிரி தண்ணிக்குள்ள விடும், தடியான நாக்கு சைக்கிள் பம்பு மாதிரி முன்னும் பின்னும் போயி சேத்துத் தண்ணிய இழுத்து வெளிய தள்ளும், அலகோரத்துல இருக்கற மெல்லிசான தகடுங்க குட்டி குட்டி இறால், புழு, பாசிய தடுத்து நிறுத்திக்கும். இதெல்லாம் ஒரு நொடிக்குள்ள பல தடவ நடக்கும். ரோஸ் கலரும் அந்த சாப்பாட்டுல இருக்கற கரோட்டினாய்டுங்கற நிறமி சமாச்சாரம்தான், குஞ்சுங்க சாம்பல் கலர்லதான் பொறக்கும், நல்ல தீனி இல்லனா வளந்ததும் வெளுத்துரும்.

இவ்ளோ நீளக்கால வெச்சுகிட்டு அது நாரைக்கு நெருங்குன சொந்தம் இல்லங்க. 2001ல டிஎன்ஏவ ஒப்பிட்டு பாத்தப்ப நெருக்கமான சொந்தம்னு வந்து நின்னது முக்குளிப்பான், நம்ம ஊரு குட்டைல குள்ளமா மெதந்துட்டு கிட்டப் போனா டபக்னு முங்கிருமே அதேதான். அதுக்கு மாறா கட்டையான காலும் தொங்குற பையுமா இருக்கற கூழைக்கடாதான் கொக்குக்கு கிட்டத்து சொந்தம்.

அந்த பைய மீன் சேத்து வைக்கற பைன்னு நெனைக்கறாங்க, அது வலைங்க, மீனோட அள்ளுன தண்ணிய வடிச்சுட்டு அப்பவே முழுங்கிரும். காலையும் பாருங்க, வாத்துக்கு முன்னாடி மூணு வெரலுக்கு நடுவுலதான் சவ்வு, இதுக்கு நாலு வெரலையும் சேத்து இருக்கும். அப்படிப்பட்ட கால வெச்சுகிட்டு, வடகிழக்கு மழை பெஞ்சு ஏரி நெறஞ்சதும், சூலூர்பேட்டை பக்கத்துல நேலபட்டுல தண்ணிக்குள்ள நிக்கற மரத்து உச்சில போய் கூடு கட்டும்.