கூடு விட்டுக் கூடு பாயும் கட்டளை

கல்லூரி ஆய்வகத்தில் லினக்ஸ் கணினியில் வேலை செய்யும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பலரும் பயன்படுத்தும் கணினியில் என் கடவுச்சொல்லை நானே மாற்றிக்கொள்ள முடிகிறது. ஆனால் கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கி ஓடுகிறதே என்று திருத்தப் போனால் அனுமதி இல்லை என்கிறது. இரண்டுமே கணினியின் உள் அமைப்புதானே? ஒன்றுக்கு வழிவிட்டு, மற்றதை ஏன் தடுக்கிறது?”

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. கணினியியலில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கண்டுபிடிப்பின் வாசலில் அவர் நிற்கிறார்.

தடுக்கும் வேலை சிப்பிலேயே தொடங்குகிறது. பிராசசருக்கு இரண்டு நிலைகள் உண்டு: எல்லாம் செய்யக்கூடிய நிலை, கட்டுப்பட்ட நிலை. இயங்குதளத்தின் மையமான கெர்னல் முதல் நிலையில் ஓடும். நாம் இயக்கும் எல்லா நிரல்களும் இரண்டாவதில். கட்டுப்பட்ட நிலையில் இருக்கும் நிரல் ஹார்ட் டிஸ்க்கை நேரடியாகத் தொட முடியாது, கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். 1982இல் வந்த இன்டெல் 80286 முதலே மேசைக் கணினிச் சிப்புகளில் இந்தப் பிரிவு இருக்கிறது. ஆனால் சிப்பில் இருந்தால் மட்டும் போதுமா? விண்டோஸ் 98இல் கோப்புகளுக்கு உரிமையாளர் என்ற எண்ணமே கிடையாது. அந்தக் காலத்து பிரவுசிங் சென்டரில் யார் வந்து உட்கார்ந்தாலும் எதையும் அழிக்கலாம்.

லினக்ஸும் அதன் மூதாதையான யூனிக்ஸும் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் தருகின்றன. நிர்வாகியான ரூட்டுக்குப் பூஜ்யம். உங்களுக்கு 1001 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோப்பின் மேலும் உரிமையாளர் எண்ணும், படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்ற மூன்று அனுமதிகளும் இருக்கும். உரிமையாளர், குழுவினர், மற்றவர் என மூவருக்கும் தனித்தனியாக, ஆக மொத்தம் ஒன்பது. கெர்னல் உங்கள் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து அனுமதிக்கும், அல்லது தடுக்கும்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அந்தக் கோப்பின் அனுமதியில் இல்லை, அது இருக்கும் ஃபோல்டரின் அனுமதியில் இருக்கிறது. நான் படித்த கல்லூரியின் ஆய்வகத்தில் எல்லோரும் எழுதக்கூடிய பொது ஃபோல்டர் ஒன்றை வைத்திருந்தார்கள். என் புராஜெக்ட் கோப்பை ‘மற்றவர் தொடக்கூடாது’ என்று பூட்டி அதில் வைத்தேன். மறுநாள் காணோம். யாரோ இடம் போதவில்லை என்று அழித்திருந்தார்கள். அந்த ஃபோல்டருக்கு ‘ஸ்டிக்கி பிட்’ என்ற ஒரே ஒரு குறியைப் போட்டிருந்தால், அதில் யாரும் கோப்பு வைக்கலாம், ஆனால் கோப்பின் சொந்தக்காரரோ ஃபோல்டரின் சொந்தக்காரரோ அல்லாத வேறொரு மாணவர் அதை அழிக்க முடியாது. யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

இனி கடவுச்சொல்லுக்கு வருவோம். எல்லோருடைய கடவுச்சொற்களும் மறைகுறியாக மாற்றப்பட்டு ஒரே கோப்பில் வரிவரியாக இருக்கின்றன. அதன் உரிமையாளர் ரூட். நீங்கள் அதில் எழுத முடியாது, படிக்கக்கூட முடியாது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் உங்கள் கடவுச்சொல்லை மாற்ற அந்தக் கோப்பில்தான் எழுதியாக வேண்டும். உங்கள் வரியை மட்டும் மாற்றலாம், பக்கத்து வரியை மாற்றக்கூடாது. ஒன்பது அனுமதிகளை எப்படி மாற்றிப் போட்டாலும் இதைச் சொல்ல முடியாது. அவை முழுக் கோப்பையும் திறக்கும் அல்லது முழுவதும் மூடும்.

யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி இதற்குக் கண்ட விடைதான் பத்தாவது குறியான ‘செட்யூஐடி’. அது வேலை செய்யும் விதம் நம் ஊர் கூடு விட்டுக் கூடு பாய்தலேதான்.

நீங்கள் ஒரு கட்டளையைத் தட்டியதும், அதை வாங்கி இயக்கும் நிரலான ஷெல் தன்னைப்போலவே ஒரு பிள்ளையைப் பெறுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும் ஒரு புராசஸ், அதற்கென்று ஓர் எண் உண்டு. பிள்ளைக்குப் புதிய புராசஸ் எண், ஆனால் உங்களுடைய 1001 என்ற அடையாளம். அடுத்த நொடியே அந்தப் பிள்ளை தன் உடலை உதறிவிட்டு, டிஸ்க்கில் இருக்கும் கட்டளையின் உடலுக்குள் புகுகிறது. உயிர் பழையதுதான், புராசஸ் எண்கூட மாறாது. நிரலும் நினைவகமும் மட்டும் புதிது. சாதாரணக் கட்டளை என்றால் அடையாளம் 1001ஆகவே தொடரும். கடவுச்சொல் மாற்றும் கட்டளையின் மேலோ செட்யூஐடி குறி இருக்கிறது, அந்தக் கோப்பின் உரிமையாளர் ரூட். ஆகவே பிள்ளை அந்த உடலுக்குள் புகுந்த கணத்தில் அதற்கு இரண்டு அடையாளங்கள் வந்துவிடுகின்றன: ‘அழைத்தவர் 1001’, ‘அதிகாரம் 0’. கெர்னல் அனுமதி பார்க்கும்போது இரண்டாவதைத்தான் பார்க்கும். இடையன் மூலனின் உடலில் திருமூலர் புகுந்தபோது மாடுகள் அந்த உடலைக் கண்டே துயர் நீங்கின. உள்ளே யார் என்று அவை கேட்கவில்லை.

ஆனால் அந்த நிரல் கேட்கிறது. அழகே இதில்தான். “என்னை அழைத்தது யார்?” என்று முதல் அடையாளத்தைப் பார்க்கிறது. 1001. சரி, 1001இன் வரியை மட்டும் தொடலாம். முதலில் பழைய கடவுச்சொல்லைக் கேள், பிறகு புதியதை எழுது, முடிந்ததும் செத்துப்போ. பிள்ளையோடு அந்த அதிகாரமும் மறைகிறது. தாயான ஷெல்லுக்கு அது ஒரு கணம்கூட வரவே இல்லை. நிர்வாகியின் முழு அதிகாரமும் உங்கள் கைக்கு வந்தது. ஆனால் ரூட் எழுதி வைத்த ஒரே ஒரு வேலையைத் தவிர வேறெதற்கும் அதைப் பயன்படுத்த உங்களால் முடியவில்லை.

இது பிறந்த இடத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1969இல் மல்டிக்ஸ் என்ற பெரிய இயங்குதளத் திட்டத்திலிருந்து விலகியது. கென் தாம்சனும் ரிட்சியும் மற்றவர்களும் அதன்பின் தாங்களாகவே யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினார்கள். ஆவணங்களைத் தயாரிக்க உதவும் என்று சொல்லித்தான் ஒரு பிடிபி-11 கணினியை வாங்க முடிந்தது. 1971இன் பிற்பாதியில் பெல் ஆய்வகத்தின் காப்புரிமைத் துறையைச் சேர்ந்த தட்டச்சர்கள் மூன்று பேர் ஒருபக்கம் விண்ணப்பங்களைத் தட்டிக்கொண்டிருக்க, அதே கணினியில் இவர்கள் இயங்குதளத்தையே எழுதிக்கொண்டிருந்தார்கள். டிஸ்க் அரை மெகாபைட். நினைவகத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. அதே ஆண்டு நவம்பரில் வந்த முதல் கையேட்டிலேயே செட்யூஐடி இருக்கிறது. ரிட்சி 1973இல் விண்ணப்பித்த காப்புரிமை 1979இல் கிடைத்தது, பின்னர் அது பொதுமக்களுக்கே விடப்பட்டது. தாம்சனும் அவரும் 1974இல் எழுதிய கட்டுரையில் இந்த உத்தி தீர்க்கும் சிக்கல்களில் ஒன்றாகச் சொல்வது, ‘மூ’ என்ற எண் விளையாட்டின் கணக்கை! யாரும் ஆடலாம், ஆட்டத்தின் கணக்கை யாரும் திருத்தக்கூடாது. இன்று நம் ஊரில் ஓர் ஆய்வு மாணவர் இந்த உதாரணத்தோடு நிதி கேட்டால் கிடைக்குமா? விளையாட்டுப் போலத் தோன்றும் கேள்விக்கும் பணமும் நேரமும் தரும் மனம் நம் பல்கலைக்கழகங்களுக்கு வர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஆபத்தும் இருக்கிறது. அந்த உடலில் சின்ன ஓட்டை இருந்தாலும், புகுந்தவர் வெளியே வரும்போது ரூட்டாகவே வரலாம். லினக்ஸில் பரவலாக இருக்கும் ‘பிகேஎக்ஸெக்’ என்ற செட்யூஐடி கட்டளையில் 2009 முதல் இருந்த ஒரு பிழை 2022 ஜனவரியில்தான் வெளிவந்தது. 12 ஆண்டுகளுக்கு மேல், கணினியில் கணக்கு வைத்திருந்த யாரும் நிர்வாகியாகியிருக்க முடியும்.

பென் டிரைவையும் யோசியுங்கள். வீட்டுக் கணினியில் நீங்கள்தான் ரூட். அங்கே ஒரு ஷெல்லுக்குச் செட்யூஐடி குறி போட்டு பென் டிரைவில் எடுத்து வந்து ஆய்வகத்தில் செருகினால்? அதற்காகத்தான் வெளியிலிருந்து வரும் டிரைவ்களை இணைக்கும்போதே, அதிலுள்ள செட்யூஐடி குறிகளை மதிக்காதே என்று கெர்னலிடம் சொல்லப்படுகிறது. அதேபோல, இந்தக் குறி உள்ள கோப்பில் சாதாரணப் பயனர் ஒருவர் எதையாவது எழுதினால் குறி தானாக அழிந்துவிடும். இவற்றைக் கற்றுத்தர வேண்டிய ஆய்வகத்தின் வாசலில், செருப்போடு வந்தால் வைரஸ் வரும் என்று மாணவர்களிடம் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். தூசி வரும், அதற்காகக் கழற்றலாம். வைரஸ் வராது. ஆசிரியர்களே இதைச் சொல்வது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

வாசகியின் கடிகாரத்துக்கு வருகிறேன். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில், கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையை ‘மைனஸ் எல்’ சேர்த்து, கடவுச்சொல் மாற்றும் கட்டளைக் கோப்பின் மேல் ஓட்டிப் பாருங்கள். உரிமையாளருக்கான மூன்று எழுத்துகளில், படிக்க ஆர், எழுத டபிள்யூ வந்தபின், இயக்க எக்ஸ் வர வேண்டிய இடத்தில் ‘எஸ்’ நிற்கும். நேரம் காட்டும் ‘டேட்’ கட்டளையின் மேல் ஓட்டினால் அங்கே வெறும் எக்ஸ். ஆகவே அதை நீங்கள் இயக்கும்போது அதிகாரமும் 1001தான். நேரத்தைக் காட்டும், மாற்றக் கேட்டால் கெர்னல் மறுக்கும். அங்கேயும் ஓர் எஸ் போட்டிருக்கலாமே என்றால், கடவுச்சொல் கோப்பில் உங்களுக்கென்று ஒரு வரி இருக்கிறது. கடிகாரத்தில் உங்களுக்கென்று தனி நிமிடம் இல்லை. நீங்கள் நகர்த்தினால், அந்தக் கணினியில் வேலை செய்யும் அத்தனை பேரின் கோப்புகளும் தவறான நேரத்தைச் சுமக்கும். பத்து நிமிடப் பிழையை ஆய்வக நிர்வாகியிடம் சொல்லுங்கள். இணைய நேர வழங்கியோடு ஒத்துப்போகும் வசதியை அவர் ஒருமுறை இயக்கினால் சரியாகிவிடும்.